மூன்று நிமிடப் பொருளாதாரம்

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு முப்பத்தொரு பேரின் பெயர்களைத் தட்டச்சு செய்து முடித்தேன். அன்று மாலை ஏழு மணிக்கு என் மகள் இனியா சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டுத் தாளை வைத்துவிட்டு, "அம்மா, பொருளாதாரம்னா என்ன?" என்று கேட்டாள்.

எட்டு வயது. தொடக்கநிலை இரண்டு. பள்ளியில் தாய்மொழி விழாவுக்குச் சுதா டீச்சர் பிஸ்கட் டின்னில் தலைப்புகளைச் சுருட்டிப் போட்டுக் குலுக்கியிருக்கிறார். ஒரு பையனுக்கு 'எனக்குப் பிடித்த விலங்கு'. எங்கள் மாடியில் நாலு வீடு தள்ளியிருக்கும் கதிரேசன் அண்ணன் மகள் திவ்யதர்ஷினிக்கு 'நான் விரும்பும் பழம்'. என் மகளுக்கு மட்டும் 'நம் நாட்டின் பொருளாதாரம்'. மூன்று நிமிடம் பேச வேண்டும், வியாழக்கிழமை, பெற்றோர் முன்னிலையில். அந்தத் தலைப்பை டின்னுக்குள் போட்ட புண்ணியவான் யாரென்று தெரிந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதுவும் அந்த வாரம் பார்த்து.

நான் சிவகாமசுந்தரி. அலுவலகத்தில் சிவா, அவ்வளவுதான். முழுப்பெயரைச் சொல்ல அங்கே யாருக்கும் பொறுமை கிடையாது. சிங்கப்பூரில், ஜூரோங் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் எச்ஆர்; ஆள் சேர்ப்பதும் நீக்குவதும் பார்க்கும் பிரிவு. கணினிச் சில்லு செய்யும் பெரிய இயந்திரங்களுக்குள் போகும் சின்னச் சின்ன வால்வுகளைச் செய்கிறோம். எங்கோ ஒரு நாட்டில் அந்த இயந்திரங்களை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அதனால் ஈசூனிலும் புக்கிட் மேராவிலும் வசிக்கும் முப்பத்தொரு பேருக்கு வேலை போகப்போகிறது. அறிவிப்பு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. பட்டியலை என்னிடம் கொடுத்தபோது என் மேலதிகாரி மிஸ் லிம் கதவைச் சாத்திவிட்டு, இது வெளியே போனால் முப்பத்திரண்டாவது பெயர் உன்னுடையது என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் சிரித்துக்கொண்டு சொல்வதை எல்லாம் செய்துவிடுவாள்.

பதினேழாவது பெயர் கதிரேசன்.

ஐந்து வருடத்துக்கு முன் அவரை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். அந்தப் பெயரைத் தட்டும்போது எழுத்துப் பிழை வராமல் பார்த்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"நாளைக்குச் சொல்றேன், சாப்பிடு" என்றேன் இனியாவிடம்.

மறுநாள் காலை ஆறு பத்துக்குக் கம்பெனி பஸ். கதிரேசன் அண்ணன் வழக்கம்போல் எனக்கு முன்னால் ஏறி, சாப்பாட்டுப் பையைப் பக்கத்து இருக்கையில் வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தார். வேறு இடத்தில் போய் உட்கார எனக்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. பஸ் விரைவுச்சாலையில் ஏறியதும் குரலைத் தாழ்த்தினார்.

"சிவகாமி, ஒண்ணு கேக்கணும். உட்லண்ட்ஸ்ல ஒரு கம்பெனி என்னைக் கூப்பிடுறாங்க. மெஷின் மெயிண்டனன்ஸ்தான். சம்பளம் ஏறக்குறைய இதேதான். வீட்டுலேருந்து இருபது நிமிஷம். வியாழக்கிழமை அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"நல்லதுதானே அண்ணே" என்றேன்.

"நல்லதுதான் லா. ஆனா இது நீங்க வாங்கிக் கொடுத்த வேலை. உங்க பேரைச் சொல்லித்தான் உள்ள வந்தேன். நான் பாட்டுக்கு விட்டுட்டுப் போயிட்டா, நாளைக்கு இன்னொரு தமிழாளை நீங்க எப்படிச் சேர்த்துவிடுவீங்க? உங்க பேருதானே கெடும்." முன் இருக்கையைப் பார்த்துவிட்டு இன்னும் மெல்லக் கேட்டார். "நம்ம கம்பெனி ஸ்டெடிதானே?"

சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை போதும். முன் இருக்கையில் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். மிஸ் லிம்மின் சிரிப்பு கண்முன் வந்தது. எங்கள் வீட்டுக் கடனுக்கு இன்னும் பதினெட்டு வருடம் கட்ட வேண்டியிருந்தது.

"எல்லாத்தையும் நல்லா யோசிச்சு முடிவு பண்ணுங்க அண்ணே."

"போதும்" என்று சிரித்தார். "ஏதாவது இருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க. எனக்குத் தெரியாதா?"

அவர் நிம்மதியாகக் கண்ணை மூடித் தூங்கிப்போனார்.

அன்று மாலை இனியாவைத் தேக்கா சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விழாவுக்குப் பாரம்பரிய உடை வேண்டுமாம். போன தீபாவளிப் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. பாவாடை வாங்கி, வளையல் வாங்கி, பஃப்ளோ ரோட்டில் காய்கறிக் கடைகளைக் கடக்கும்போது இங்கேயே பாடத்தை முடித்துவிடலாம் என்று தோன்றியது. வீட்டில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிட இது எளிது.

"இந்த முருங்கைக்காய் எங்கேருந்து வருது, சொல்லு."

"ஃபேர்பிரைஸ் சூப்பர்மார்க்கெட்."

"இல்லடா. வெளிநாட்டுலேருந்து. தக்காளி, வெங்காயம், இதோ இந்த மல்லிகைப்பூகூட விமானத்துல வருது."

பூக்காரர் அளந்துகொண்டிருந்த முழத்தைப் பார்த்துவிட்டு இனியா கேட்டாள். "அப்ப நம்ம நாட்டுல என்னதான் இருக்கு?"

"நாம இருக்கோம். நாம வேலை செய்யறோம். அதை வித்து இதையெல்லாம் வாங்கறோம். அதுதான் பொருளாதாரம்."

நன்றாகத்தான் சொன்னோம் என்று ஒரு கணம் பெருமையாக இருந்தது. அவள் விடவில்லை.

"வேலையை எப்படி விப்பாங்க?"

"அம்மா கம்பெனியில வால்வு செய்யறாங்கல்ல? அதைக் கப்பல்ல அனுப்புவாங்க. அந்த ஊர்க்காரங்க பணம் தருவாங்க."

"அவங்க வேணாம்னு சொல்லிட்டா?"

"அப்ப கம்பெனியில வேலை குறைஞ்சிடும்."

"குட் லா. ஹோம்வொர்க் குறைஞ்ச மாதிரி."

பூக்காரர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். திங்கட்கிழமையிலிருந்து யாரிடமும் சொல்லாமல் அடைத்து வைத்திருந்தது, எட்டு வயதுப் பிள்ளையிடம் வழிய ஆரம்பித்தது.

"அப்படி இல்லம்மா. வேலை குறைஞ்சா ஆளையும் குறைப்பாங்க. கொஞ்சம் பேரைப் போகச் சொல்லிடுவாங்க."

"யாரைன்னு யாரு சூஸ் பண்ணுவாங்க?"

"பாஸ்."

"பேரெல்லாம் யாரு எழுதுவாங்க?"

"எச்ஆர்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். இனியா நடப்பதை நிறுத்தினாள். "நீங்கதானே எச்ஆர்?"

"எல்லாக் கம்பெனியிலயும் எச்ஆர் இருக்காங்க. பொதுவா சொன்னேன்."

"அந்த ஆளுங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுவாங்களா?"

"நேரம் வரும்போது சொல்வாங்க."

"ஸ்பெல்லிங் டெஸ்டுக்கே ஒரு வாரம் முன்னாடி சொல்லிடுவாங்க" என்றாள். யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நான் இதையே பேசறேன். வால்வு, கப்பல், அப்புறம் லிஸ்ட். எனக்கு இதுதான் புரிஞ்சுது."

வியாழக்கிழமை அந்த அறையில் கதிரேசன் அண்ணன் இருப்பார். மகளின் பழத்தைக் கேட்க விடுப்பு எடுத்திருந்தார். அந்த விடுப்புக்கு அனுமதி கொடுத்ததும் நான்தான். இவள் மேடையேறி, என் அம்மா கம்பெனியில் வேலை குறைந்தால் ஆளைக் குறைப்பார்கள், என் அம்மாதான் பேரை எழுதுவார் என்று சொன்னால் போதும்.

"வேணாம். அம்மா வேற எழுதித் தர்றேன். அதைத்தான் பேசணும்."

"ஏன்?"

"சொன்னா கேளு."

புதன்கிழமை எழுதினேன். துறைமுகம், விமான நிலையம், நாலு இனமும் ஒற்றுமையாக உழைப்பது, எல்லாவற்றையும் பூசி மெழுகி ஒரு பக்கம். கடைசி வரி: 'நம் நாட்டில் உழைப்பவர்களுக்கு என்றும் வேலை உண்டு.' அதை எழுதும்போதே கை கூசியது. ஆனால் மேடைப் பேச்சென்றால் அப்படித்தானே முடிப்பார்கள், நான் மட்டும் புதிதாகவா எழுதிவிட்டேன் என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன்.

இனியா எட்டு முறை சொல்லிப் பார்த்தாள். ஆறு முறை நடுவில் மறந்தாள். புரியாததை மனப்பாடம் செய்கிற பிள்ளை வேறெப்படிச் சொல்லும்? மறந்தபோதெல்லாம் அவள் வாயில் வந்தது வால்வுதான்.

"மறந்துட்டா மறுபடி முதல்லேருந்து சொல்லு. வால்வு பக்கமே போகாதே."

"கடைசி லைன் உண்மையாம்மா?"

"பேச்சுல இப்படித்தான் சொல்லணும்."

என் கணவர் மாசிலாமணிக்கு ரயில் பணிமனையில் இரவு வேலை. அவருடைய உணவு இடைவேளையில் போன் செய்து அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "நமக்கு எதுக்கு வம்பு? அவரா கேட்டா யோசிக்கச் சொல்லு. நீயா வாயைத் திறக்காதே" என்றார். அவரா கேட்டுவிட்டார், யோசிக்கவும் சொல்லிவிட்டேன் என்பதைச் சொல்லாமலே போனை வைத்தேன்.

வியாழக்கிழமை நண்பகல், பள்ளி அரங்கில் முப்பது நாற்காலி. கதிரேசன் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் முன் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் தன் குடையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தார். திவ்யதர்ஷினி டுரியான் பழத்தைப் பற்றிப் பேசினாள். ஊரையே தூக்கும் அதன் வாசத்தை விவரித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் இருந்த நிகழ்ச்சித் தாளை மடித்து மடித்து விரல் அளவுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

இனியா ஏறினாள். வணக்கம் சொன்னாள். துறைமுகம் சரியாக வந்தது. விமான நிலையம் வந்தது. "நாம் செய்யும் பொருள்களை உலக நாடுகள் விரும்பி வாங்குகின்றன" என்றாள். அதோடு நின்றுவிட்டாள்.

கூரையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சுதா டீச்சர் மெல்லத் தலையாட்டி ஊக்கப்படுத்தினார். இனியாவின் உதடு 'வா' என்று குவிவதை நான் பார்த்தேன். முருகா, இந்த ஒரு தடவை என்று வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டுகிறோம் என்று யோசிக்காமலே வேண்டினேன்.

"வாங்குகின்றன" என்று அதே வரியைத் திரும்பப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் ஒரே ஓட்டமாக ஓடி, கடைசி வரியைக் கையை உயர்த்திக் கணீரென்று சொன்னாள். நம் நாட்டில் உழைப்பவர்களுக்கு என்றும் வேலை உண்டு.

எல்லோரையும்விட ஓங்கிக் கை தட்டியது கதிரேசன் அண்ணன். எனக்கு உயிர் திரும்பி வந்தது. நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு பத்து நிமிடம்கூட நிற்கவில்லை.

விழா முடிந்து பள்ளி உணவகத்தில் பிள்ளைகளுக்குப் பாக்கெட் பானம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கதிரேசன் அண்ணன் கைபேசியை நீட்டிக்கொண்டு வந்தார்.

"இனியா பேசினதைக் கேட்டதும் எனக்கே தெம்பு வந்துடுச்சு சிவகாமி. நேத்து முழுக்க மனசு அலைபாஞ்சுக்கிட்டே இருந்துச்சு. இப்ப முடிவு பண்ணிட்டேன். உட்லண்ட்ஸ் ஆளுக்கு வேணாம்னு எழுதி வச்சிருக்கேன், இன்னும் அனுப்பல. நீங்க எச்ஆர்ல இருக்கீங்க, இங்கிலீஷ் சரியா இருக்கான்னு கொஞ்சம் பாருங்க. மரியாதையா இருக்கணும்."

கைபேசி என் கைக்கு வந்தது. நாலு வரி. வாய்ப்புக்கு நன்றி ஐயா. என் கம்பெனி என்னை நன்றாக வைத்திருக்கிறது. அதனால் வர இயலவில்லை. மன்னிக்கவும்.

'கம்பெனி' என்ற சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. என் விரல் தானாகப் போய் அதைத் திருத்தியது. செய்தது எல்லாவற்றையும்விட அந்த ஒரு திருத்தத்துக்காகத்தான் இன்றும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரு மனிதன் தன் பிழைப்பைத் தன் கையாலேயே வெட்டிப்போடப் போகிறான், நான் எழுத்துப் பிழை பார்த்தேன்.

அனுப்பும் பொத்தான் கீழேயே இருந்தது. நான் சரியென்று திருப்பிக் கொடுத்தால் அவரே அழுத்திவிடுவார். நான் எதுவும் சொன்னதாக ஆகாது. யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. என் வேலையும் இருக்கும்.

"என்ன, ரொம்பத் தப்பா இருக்கா?" என்றார்.

"கொஞ்சம் மாத்தணும் அண்ணே."

நாலு வரியையும் அழித்தேன். வாய்ப்புக்கு நன்றி ஐயா, வேலையை ஏற்றுக்கொள்கிறேன், ஒரு மாதத்தில் சேர்ந்துவிடுவேன் என்று எழுதினேன். இரண்டு முறை தப்பாகத் தட்டித் திருத்தினேன். திருப்பிக் கொடுத்தபோது அவர் முகத்தைப் பார்க்காமல், மெல்லச் சொன்னேன்.

"ராஜினாமாக் கடிதம் மட்டும் இப்பக் கொடுத்துடாதீங்க. அடுத்த வெள்ளிக்கிழமை தாண்டட்டும். நீங்களா போனா இழப்பீட்டுப் பணம் ஒண்ணும் கிடைக்காது."

அவர் படித்தார். மறுபடியும் படித்தார். இருபத்தைந்து வருடம் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. சிரிப்பு போய்விட்டிருந்தது.

"எப்பலேருந்து தெரியும்?"

"திங்கக்கிழமை."

"நான் செவ்வாய்க்கிழமை கேட்டேனே சிவகாமி."

"ஆமாண்ணே."

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. பொத்தானை அழுத்தினார். கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "திவ்யா, வாம்மா போகலாம்" என்றார். நன்றி என்று ஒரு வார்த்தை அவர் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்தேன். சொல்லவில்லை.

இனியா பானத்தை உறிஞ்சிக்கொண்டு என் முழங்கை அருகிலேயே நின்றிருந்தாள். அவள் ஆங்கிலம் நன்றாகப் படிப்பாள் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். மாணவர் பராமரிப்பு நிலையத்தில் அவளை விட்டுவிட்டு நான் அலுவலகம் திரும்ப வேண்டும். சாலையைக் கடக்கச் சிக்னலில் நிற்கும்போது கேட்டாள்.

"அங்கிள் பேரு லிஸ்ட்ல இருக்கா?"

"இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது இனியா. திவ்யாகிட்டகூட."

"சொல்லமாட்டேன். அவர் மெசேஜை ஏன் மாத்துனீங்க?"

"அவர் வேணாம்னு சொல்லியிருந்தா அவருக்கு ரெண்டு வேலையும் போயிருக்கும்."

பாக்கெட்டின் அடியில் இருந்ததை உறிஞ்சி முடித்தாள். "லிஸ்ட்ல வேற ஆளுங்களும் இருக்காங்கதானே?"

"இருக்காங்க."

"அவங்களும் யாருக்காவது வேணாம்னு மெசேஜ் அனுப்பிட்டாங்களா?"

மற்ற முப்பது பேரின் அடையாள எண் எனக்குத் தெரியும். சேர்ந்த தேதி தெரியும், மிச்சமிருக்கும் விடுப்பு தெரியும், கடைசிச் சம்பளம் காசு வரைக்கும் தெரியும். இது தெரியாது.

"தெரியலம்மா."

"நீங்க கேக்கலையா?"

"கேக்கல."

நிலையத்தின் வாசலுக்கு வந்தோம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். எப்போதும் திரும்பிக் கையசைப்பாள். அன்று அசைத்தாளா என்று எனக்கு நினைவில்லை. என் காதில் அந்தக் கேள்விதான் இருந்தது.

இரண்டரைக்கு அலுவலகம் வந்தேன். பணிநீக்கக் கடிதங்களுக்கான உறைகள் வந்து என் மேசையில் அடுக்கியிருந்தன. மிஸ் லிம் கண்ணாடி அறைக்குள் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது.

பேக்கிங் பகுதி வசந்தகுமாரி அக்கா மருத்துவ விடுப்புச் சீட்டைக் கொடுக்க வந்தார். ஐம்பத்திரண்டு வயது, பத்தொன்பது வருட சர்வீஸ், பட்டியலில் ஒன்பதாவது பெயர். சீட்டை வாங்கிக்கொண்டேன். "பிள்ளை நல்லா பேசுச்சா?" என்றார்.

"நல்லா பேசினா அக்கா." சீட்டை மேசையில் வைத்தேன். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்களை வேற எங்கேயாவது வேலைக்குக் கூப்பிட்டாங்களா? இப்ப, இந்த மாசத்துல?"

"என்னையா?" என்று சிரித்தார். "இந்த வயசுல என்னை யாரும்மா கூப்பிடப் போறாங்க? ஏன் கேக்குற?"

கண்ணாடி அறையில் பேச்சு நின்றிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தகுமாரி அக்காவின் பார்வை என் முகத்திலிருந்து இறங்கி, மேசைமேல் இருந்த உறைகளுக்குப் போனது. சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு அவற்றை எண்ணத் தொடங்கினார்.